கடல்நீர் மீன்தொட்டி: தொடக்கக் கருவிகள்

கடல்நீர் மீன்தொட்டி என்பது கடல்மீன்களை வீட்டில் வளர்ப்பதற்கான உவர்நீர்த் தொட்டி. சிறிய தொட்டியைப் பராமரிப்பது எளிது என்ற எண்ணம் தவறு. நீரின் அளவு குறையக் குறைய அதன் வெப்பமும் உப்பும் விரைந்து மாறும். எனவே புதியவர்களுக்கு 75 லிட்டருக்குக் குறையாத தொட்டியே ஏற்றது.

நீரின் உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் முதலில் வாங்க வேண்டிய கருவி. நீரின் ஒப்படர்த்தி 1.024 முதல் 1.026 வரை இருக்கவேண்டும். கடல் உப்புக் கலவையை ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்த நீரில் கரைக்க வேண்டும். சமையல் உப்பு உதவாது, அதில் கால்சியமும் மக்னீசியமும் போதாது. நீர்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே குறைந்த மட்டத்தை நன்னீரால் மட்டுமே நிரப்ப வேண்டும்.

குளிர்நாடுகளில் ஹீட்டர் இன்றியமையாதது. சென்னைக் கோடையில் விசிறியோ நீரைக் குளிர்விக்கும் சில்லரோ தேவைப்படும். நீரோட்டத்துக்கு ஒரு பம்பு வேண்டும். மீன் மட்டும் வளர்ப்பவருக்குச் சாதாரண எல்இடி விளக்கு போதும். வாரந்தோறும் சிறிது நீரை மாற்றினால், சில மீன்களே உள்ள தொட்டிக்கு, கழிவை நுரையாக்கி நீக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் கட்டாயமில்லை.

உண்மையான வடிகட்டி, துளைகள் நிறைந்த பாறையில் வாழும் பாக்டீரியாக்களே. அவை கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை பெருகச் சில வாரங்கள் ஆகும். சோதனைக் கரைசலில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாகும்வரை மீன் விடலாகாது.

பாறைக்காக மன்னார் வளைகுடாவில் பவளம் எடுப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். செயற்கைப் பாறையையே வாங்குக.