பெயர்ப்பலகையும் அடிமனையும்: திறக்கப்படாத ஓர் உணவகத்தின் வரலாறு

1

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் என் சித்தி மகன் வந்து, "அண்ணா, செங்கல்பட்டுல ஓட்டல் போடப்போறேன். நல்ல பேரா ஒண்ணு சொல்லு, தமிழ் எம்.ஏ. படிச்சவன் நீதான" என்றான். மாமல்லபுரத்தில் சுற்றுலாப் பயணிகள் வந்துபோகும் உணவகம் ஒன்றில் பதினோரு வருடம் அடுப்படியில் நின்றவன். வெளிநாட்டார்க்கு இறால் சுட்டுக் கொடுத்துக் கை பழகியவன். ஆனால் அவன் போட நினைத்தது அந்த மாதிரி ஓட்டல் அல்ல. எங்கள் தெருவில் வேகிறதை அப்படியே இலையில் வைப்பது: கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு, மாட்டுக்கறி வறுவல், குடல் குழம்பு, ரத்தப் பொரியல், மழைநாளுக்கென்று கயிற்றில் கட்டிக் காயவைத்த உப்புக்கண்டம்.

மூன்று நாள் யோசித்தும் எனக்குப் பெயர் கிடைக்கவில்லை. தமிழில் சொல் பஞ்சமா என்றால், இல்லை. இந்தச் சமையலைப் பலகையில் எழுதத்தக்க ஒரு சொல் இல்லை. இந்த 'இல்லை' எப்படி உண்டாயிற்று என்பதுதான் இக்கட்டுரையின் விஷயம்.

2

நம் ஊர் ஓட்டல் பலகைகளை வரலாற்று ஆவணங்களாகப் படித்துப் பார்க்கலாம். 'உயர்தர சைவ உணவகம்' என்பதில் உயர்ந்திருப்பது எது? காய்கறியா, சமைக்கிறவரா? கறி தின்பவர்களுக்குத் தமிழ் கொடுத்திருக்கும் சொல்லோ 'அசைவம்'. அதாவது ஒரு சமயத்தின் பெயருக்கு முன்னால் எதிர்மறையைச் சேர்த்து, பெரும்பான்மை மக்களின் சாப்பாட்டை 'அது அல்லாதது' என்று குறிக்கிறோம். பெரும்பான்மை எச்சமாகவும் சிறுபான்மை அளவுகோலாகவும் ஆகிவிட்ட சொல்லாடல் இது.

தென்னிந்திய ரயில் நிலைய உணவு விடுதிகளில் 'பிராமணாள்', 'இதராள்' என்று தனித்தனி இடங்கள் இருந்தன. பெரியாரின் கிளர்ச்சிக்குப் பின் 1941இல் அந்தப் பிரிவினை நீங்கியது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் நடந்த மறியல், பலகையிலிருந்த 'பிராமணாள்' என்னும் சொல்லை எதிர்த்தது. இந்தப் போராட்டம் உணவின் மீதானதாக இல்லாமல் பெயர்ப்பலகையின் மீதானதாக இருந்ததைக் கவனிக்க வேண்டும். சாதி உட்காரும் இடம் பலகை என்பதைப் பெரியார் கண்டுகொண்டிருந்தார்.

சரி, 'பிராமணாள்' அழிந்த பிறகு பலகையில் என்ன வந்தது? செட்டிநாடு வந்தது, கொங்குநாடு வந்தது, வடக்கம்பட்டிக் காவல் தெய்வத்தின் பெயரால் முனியாண்டி விலாஸ் வந்தது. இவற்றை நான் குறை சொல்லவில்லை. முனியாண்டி விலாஸ் பரோட்டாவில் வளர்ந்த வயிறுதான் என்னுடையதும். ஆனால் சில சாதிகளின் சமையல் ஒரு வட்டாரத்தின் பெயரைப் போர்த்திக்கொண்டு 'பொது'வாகிவிட முடிகிறது. சேரிச் சமையலுக்கு அந்த மாற்றம் வாய்க்கவில்லை. மாட்டுக்கறி விற்காத ஊரா இருக்கிறது? விற்கிறது. 'பீஃப்' என்று ஆங்கிலத்தில், 'பெரிய கறி' என்று ஜாடையில், சாயங்காலத் தள்ளுவண்டியில். பெயரில்லாமல் விற்கலாம், பெயரோடு உட்காரக் கூடாது. 2022 மே மாதம் அரசு நிர்வாகமே ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்த முனைந்தபோது மாட்டுக்கறி பிரியாணி பட்டியலுக்கு வெளியே நின்றது. எதிர்ப்பு எழுந்தது, ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது, மழையைக் காரணம் காட்டி விழாவும் தள்ளிப்போனது. ஆம்பூரிலேயே இந்தக் கதை என்றால் செங்கல்பட்டில் கேட்கவே வேண்டாம்.

3

எம்.ஏ. வகுப்பில் பெரும்பாணாற்றுப்படை பாடம். கடியலூர் உருத்திரங்கண்ணனார், 500 அடி, தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். எங்கள் ஆசிரியர் பார்ப்பன வீட்டு விருந்தை (மாதுளங்காயும் வெண்ணெயும் மிளகும் கறிவேப்பிலையும் மாவடுவும்) ருசித்து ருசித்து விளக்கினார். எயினர் வீட்டு உடும்புப் பொரியலை இரண்டு வாக்கியத்தில் கடந்தார். துறைமுகப் பட்டினம் வந்ததும், "இதை நீங்களே படிச்சுக்குங்க" என்று பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

அன்றிரவு விடுதியில் படித்தேன். கள் காய்ச்சும் பெண்கள் கழுவி ஊற்றிய நீர் வழிந்து சேறாகிக் கிடக்கிறது. அதில் பன்றிகள் புரள்கின்றன. ஓர் ஆண்பன்றியை மட்டும் பெண்பன்றிகளோடு சேரவிடாமல் குழியில் நிறுத்தி, நெல்லிடித்த மாவைப் பல நாள் ஊட்டிக் கொழுக்கவைத்திருக்கிறார்கள். அந்தக் கொழுத்த கறியோடு கள்ளும் பாணனுக்குக் கிடைக்கும் என்கிறது பாட்டு. இத்தனை நுணுக்கமான சமையல் குறிப்பு நம் இலக்கியத்தில் அபூர்வம். பாட்டில் வரும் நீர்ப்பெயற்று என்னும் துறை இன்றைய மாமல்லபுரமே என்று கருதும் அறிஞர்கள் உண்டு. அது உறுதியாக நிறுவப்படாவிட்டாலும், பாட்டு நடக்கும் வழி தொண்டைநாட்டு வழி என்பதில் சந்தேகமில்லை. மழவர் கொழுத்த ஆவைத் தின்ற செய்தி அகநானூற்றிலும் இருக்கிறது.

இதைக் காட்டி 'அந்தக் காலத்தில் எல்லாரும் சமம்' என்று ஒரு பொற்காலக் கதையாடலைக் கட்ட எனக்கு விருப்பமில்லை. பாணன் பசித்து அலைகிறவன். விருந்து அவன் உரிமையல்ல, அடுத்தவர் ஈகை. நான் சொல்வது சின்ன விஷயம். அந்தப் பட்டியலில் உடும்பும் பன்றியும் மாவடுவும் அடுத்தடுத்து நிற்கின்றன. எதற்கும் 'அ' என்ற முன்னொட்டு இல்லை. அந்தந்த நிலத்தின் பெயரால் அந்தந்த உணவு.

2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்தபோது கடற்கரைக் கோயிலருகே விருந்து நடந்தது. அரைச்சுவிட்ட சாம்பார், தக்காளி ரசம், கவனரிசி அல்வா என்று பத்திரிகைகள் பட்டியலிட்டன. இந்தக் கரையின் பெயரில் ஏதாவது உண்டா என்று தேடினேன். என் கண்ணில் படவில்லை.

4

அமெரிக்கக் கறுப்பர்களின் சமையலுக்கு 'சோல் ஃபுட்' என்று பெயர். 'ஆன்ம உணவு' என்று மொழிபெயர்த்தால் மடத்துப் பிரசாதம் மாதிரி தொனிக்கும். எனவே அப்படியே விடுகிறேன். பண்ணையார் வேண்டாமென்று ஒதுக்கிய பன்றிக் குடல், கால், கழுத்தெலும்பு, கீரை, சோளரொட்டி. அடிமைக் குடிசையில் பிறந்த இந்தச் சமையலுக்கு இந்தப் பெயர் 1960களில்தான் பரவலானது. கறுப்பர்க்கென்று தனிச் சமையல் கிடையாது என்ற பேச்சுக்குப் பதிலாக அமிரி பராகா (அப்போது லீராய் ஜோன்ஸ்) 1962இல் அந்தத் தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதினார். அதே 1962இல் நியூயார்க் ஹார்லெம் பகுதியில் சில்வியா உட்ஸ் என்ற பெண், தான் பரிமாறிக்கொண்டிருந்த சிறு உணவுக்கடையையே வாங்கித் தன் பெயரில் நடத்தத் தொடங்கினார்.

அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1960 பிப்ரவரி 1 அன்று, கிரீன்ஸ்பரோ ஊரில் நான்கு கறுப்பு மாணவர்கள் வெள்ளையருக்கான சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்து, எழுந்திருக்க மறுத்தார்கள். 1964இல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. அதை எதிர்த்து வழக்காடிய பர்மிங்காம் நகரின் ஓலீஸ் பார்பிக்யூ என்ற உணவகத்தில் வேலை செய்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பர்கள். கறுப்பு வாடிக்கையாளர் மட்டும் உள்ளே உட்காரக் கூடாது, பொட்டலம் வாங்கிப் போகலாம். அடுப்படியில் அனுமதி, மேசையில் விலக்கு. என் சித்தி மகனுக்கு இதைச் சொன்னபோது சிரித்தான்: "நம்ம ஊர்க் கதைய எதுக்கு அங்கேர்ந்து சொல்ற?"

சட்டம் என்று பார்த்தால் நாம்தான் முந்தி. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் 15ஆம் பிரிவு கடை, உணவகம், ஓட்டல் என்று பெயர் சொல்லியே அனுமதி மறுப்பைத் தடுக்கிறது. 1955இன் தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் நுணுக்கமாக, ஓட்டலில் உள்ள பாத்திரங்களைப் பயன்படுத்தத் தடுப்பதையும் குற்றமாக்கியது. அதற்குப் பிறகும் தேநீர்க்கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது என்பது வேறு விஷயம். உட்காரும் உரிமை அமெரிக்காவைவிட ஒன்பது வருடம் முன்னதாக நம் சட்டத்தில் ஏறிவிட்டது. பலகை மட்டும் ஏறவில்லை. ஏன்?

எளிய பதில் ஒன்று: எங்களுக்குள்ளேயே இந்த உணவைப் பற்றி ஒருமித்த எண்ணம் இல்லை. 1927இல் மகாடில் அம்பேத்கர், செத்த மாட்டின் கறியை விட்டுவிடச் சொன்னார். அது சுயமரியாதையின் குரல். அவரே 1948இல் தீண்டப்படாதார் பற்றிய நூலில், மாட்டுக்கறி உண்டதற்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவை வரலாறாக ஆராய்ந்தார். அமெரிக்காவிலும் இந்தப் பிளவு உண்டு; எலைஜா முகம்மது 1967இல் எழுதிய நூலில் பன்றிக்கறியை அடிமைத்தனத்தின் மிச்சமென்று ஒதுக்கச் சொன்னார். இழிவின் தழும்பா, பிழைத்திருந்ததன் சாட்சியா? இரண்டும்தான். என் அம்மா உப்புக்கண்டம் வறுக்கும்போது ஜன்னலைச் சாத்துவாள். சாத்திவிட்டு, "மணம் எப்படி வருது பாரு" என்பாள். இந்த இரண்டு செயலையும் ஒன்றாகப் படிக்காத எந்தக் கோட்பாடும் எனக்கு உதவாது.

செங்கல்பட்டு ஜில்லா கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், கோயம்புத்தூரில் படித்தபோது சாதி தெரிந்துவிடுமோ என்று சக மாணவரோடு சேராமல் ஒதுங்கியிருந்ததைத் தன் ஜீவிய சரித்திரத்தில் பதிந்திருக்கிறார். ஆனால் அதே மனிதர்தான் 1893இல் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். ஒளித்த பெயரைப் பலகையில் எழுதிய முதல் ஆட்களில் ஒருவர் எங்கள் ஜில்லாக்காரர். அப்படியிருக்க, கூச்சம் மட்டுமே காரணமாக முடியாது.

5

வாடகைக்குக் கடை தேடியபோது நானும் கூடப் போனேன். பேருந்து நிலையம் பக்கம் முதல் இடம். "என்ன ஓட்டல் தம்பி?" "சாப்பாட்டு ஓட்டல்தாங்க." "பிரியாணி உண்டா?" "உண்டுங்க. மாட்டுக்கறியும் போடுவோம்." உரிமையாளர் கோபப்படவில்லை. மேலே குடும்பம் குடியிருக்கு, ஒத்துவராது என்றார். இரண்டாம் இடத்தில், "விக்கறத வித்துக்க, போர்டு மட்டும் வேணாம்." மூன்றாம் இடத்தில் எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டார்கள், அப்புறம் தெருவைக் கேட்டார்கள். அதோடு பேச்சு முடிந்தது.

அப்போதுதான் சில்வியா கதையில் நான் அசட்டையாகப் படித்துவிட்ட ஒரு தகவல் உறைத்தது. ஹார்லெம் கடையை வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? தெற்குக் கரோலினாவில் அவர் அம்மா தன் விவசாய நிலத்தை அடமானம் வைத்துக் கொடுத்தார். பராகாவின் கட்டுரை அந்தச் சமையலுக்குப் பெயர் கொடுத்திருக்கலாம். பலகையைத் தாங்கியது ஒரு கறுப்புத் தாயின் நிலம்.

செங்கல்பட்டில் அந்த நிலம் எங்கே போனது என்பதற்கு வரலாறு இருக்கிறது. 1891இல் மாவட்டக் கலெக்டர் டிரெமென்ஹீர், இந்த ஜில்லாப் பறையர்களின் நிலையை விவரித்து அரசுக்கு அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூட சொந்தமில்லாத பண்ணையாட்களின் வாழ்க்கை அது. 1892இல் தரிசு நிலங்களை ஒடுக்கப்பட்டோர்க்கு ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான். குறிப்பிட்ட காலம்வரை விற்கக் கூடாது, அதன் பிறகும் வேற்றுச் சாதியாருக்குக் கைமாறக் கூடாது என்பது நிபந்தனை. மாறியது. மாநிலம் முழுக்க மாறியது.

கைமாறிய நிலத்தைக் கேட்டுக் காரணையில் போராட்டம் எழுந்தது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். நான் அப்போது கைக்குழந்தை. எங்கள் வீட்டில் அந்த இரண்டு பெயர்களும் சாப்பாட்டு வேளையில்தான் பேசப்படும்.

எனவே பலகையின் பிரச்சினை சொல்லின் பிரச்சினை என்று நான் முதலில் நினைத்தது அரைகுறை. நில உரிமை இல்லாத சமையல் அடுப்படியில் வேலைக்குப் போகும், தள்ளுவண்டியில் நகரும், அடுத்தவர் பலகைக்குக் கீழே ருசியாகும். 2015இல் ஷாஹு பாடோளே மராத்தியில் தலித் சமையலை நூலாக எழுதினார். 2016இல் சந்திரபான் பிரசாத் 'தலித் ஃபுட்ஸ்' என்று பெயரிட்டே மசாலாவும் ஊறுகாயும் விற்க வந்தார். இரண்டும் துணிச்சலான காரியம். ஆனால் புத்தகத்துக்கும் ஊறுகாய்ப் புட்டிக்கும் அடிமனை தேவையில்லை. உட்கார்ந்து சாப்பிடும் இடத்துக்குத் தேவை.

6

கடைசியில் பெயரை நான் வைக்கவில்லை. சில்வியா மாதிரி சித்தியின் பெயரையே வைக்கலாம் என்றேன், அவனுக்குப் பிடித்துப்போயிற்று. சிவப்பில் எழுத்து, மஞ்சளில் ஓரம் வைத்துப் பலகை எழுதி வந்துவிட்டது. இப்போது வீட்டில் கட்டிலுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நிற்கிறது. கறி மட்டும் தள்ளுவண்டியில், சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை. ஒன்பதுக்கு முன்பே தீர்ந்துவிடுகிறது.

தன் பெயரைப் பெரிய எழுத்தில் பார்த்த அன்று சித்தி வெகுநேரம் பேசவில்லை. பிறகு பெட்டியைத் திறந்து, மடிப்பில் கிழிந்த ஒரு தாளை எடுத்துவந்து என்னிடம் கொடுத்தாள். தாத்தா காலத்துப் பட்டா நகல். ஒரு ஏக்கர் சொச்சம். இப்போது அதைச் சுற்றி யாரோ கல் நட்டு வேலி போட்டிருக்கிறார்கள்.

"பலகைய அப்புறம் மாட்டலாம். நீ படிச்சவன்தான? மொதல்ல இத படி" என்றாள்.

படித்துக்கொண்டிருக்கிறேன்.