மோரோவும் பால்மரும்

பச்சைக் குழந்தை திடுக்கிட்டால் கைகளை விரித்து, பிறகு கட்டிப்பிடிப்பது போலச் சேர்க்கும், கவனித்திருப்பீர்கள். ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் குழந்தை மருத்துவராக இருந்த எர்ன்ஸ்ட் மோரோ, தலையணையின் இருபுறமும் தட்டிப் பார்த்து 1918-இல் இதை விவரித்தார். சுமார் ஆறு மாதத்தில் இந்த அனிச்சைச் செயல் மறையும். மறையாவிட்டால் மூளை, நரம்புக் கோளாறு இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

கைரோபிராக்டிக் கதையே வேறு. 1895-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட்டில் டி.டி.பால்மர், காது கேளாத ஹார்வி லில்லார்டின் முதுகெலும்பை அழுத்திக் கேட்கவைத்ததாகச் சொன்னார். (செவி நரம்பு முதுகுப் பக்கமே போவதில்லை!)

பின்னாளில் சிலர் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள்: மறையாத அனிச்சையால்தான் பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை, முதுகை மென்மையாகச் சரிசெய்தால் போதும் என்று. இதை நம்பி, குழந்தை மருத்துவரிடம் போகாமல் கழியும் மாதங்கள்தான் எனக்கு உறுத்துகிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2019-இல் ஆராய்ந்தபோது, குழந்தைகளுக்கு முதுகெலும்புச் சிகிச்சையால் பலன் என்பதற்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை.