கர்ப்பக் காலமும் ஃபிக்ஹு அறிஞர்களும்

கருவின் வளர்ச்சி மருத்துவர்களுக்கு மட்டுமே உரிய பொருள் என நாம் எண்ணுகிறோம். இஸ்லாமிய வரலாற்றிலோ அது காழியின் முன் நின்ற வினாவாகவும் இருந்தது. ஒரு பெண்ணின் மானமும் ஒரு குழந்தையின் வம்சாவளியும் அதன் விடையைச் சார்ந்திருந்தன.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் 'முவத்தா'வில் ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. ஆறு மாதத்தில் பிரசவித்த ஒரு பெண்மணி கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களின் முன் கொண்டுவரப்பட்டார், தண்டனையும் விதிக்கப்பட்டது. அலீ (ரலி) அவர்கள் அதை மறுத்தார்கள். கர்ப்பமும் பால்குடியும் சேர்ந்து 30 மாதங்கள் என்பது 'அல்அஹ்காஃப்' அத்தியாயம் தரும் கணக்கு. பால்குடியின் நிறைவுக்காலம் இரண்டு ஆண்டுகள் என்பது 'அல்பகரா' தரும் கணக்கு. 30இல் 24 போக எஞ்சுவது 6. கலீஃபா உடனே ஆளனுப்பினார்கள். அதற்குள் தண்டனை நிறைவேறிவிட்டிருந்தது. இதையொத்த நிகழ்ச்சியை உமர் (ரலி) காலத்ததாகக் கூறும் அறிவிப்புகளில் அப்பெண் விடுவிக்கப்படுகிறார். எவ்வாறாயினும், குறைந்தபட்சக் கர்ப்பக் காலம் ஆறு மாதம் என்பதில் அறிஞர்கள் ஒன்றுபட்டனர்.

அதிகபட்சக் காலத்தில் அந்த ஒற்றுமை இல்லை. ஹனஃபிகள் இரண்டு ஆண்டுகள் என்றனர். ஷாஃபிஈகள் நான்கு ஆண்டுகள் என்றனர். அந்தலூசியாவின் இப்னு ஹஸ்ம் (ரஹ்) ஒன்பது மாதங்களைத் தாண்டாது என்றார். ஏன் இவ்வளவு வேறுபாடு? இதற்குத் தெளிவான நஸ்ஸு இல்லை. பெண்களிடம் கேட்டறிந்த செய்திகளே பெரிதும் ஆதாரமாயின.

அச்செய்திகளில் பிழை நேர்வது எளிது. கர்ப்பத்தின் முதல் அடையாளம் மாதவிடாய் நிற்பது. ஆனால் பாலூட்டும்போதும் நோயுற்றபோதும்கூட அது நிற்கும். அந்நாளிலிருந்து எண்ணத் தொடங்கி, பின்னரே கருவுற்றால், கர்ப்பம் ஆண்டுக்கணக்கில் நீண்டதாகவே தோன்றும். மறுபுறம், கருவுற்ற தொடக்க வாரங்களில் சிலருக்கு உதிரப்போக்கு ஏற்படுவதும் உண்டு. அது மாதவிடாயா என்பதிலும் மத்ஹபுகள் வேறுபட்டன. ஹனஃபிகளும் ஹன்பலிகளும் அதை இஸ்திஹாழா என்றனர். மாலிகிகளும் ஷாஃபிஈகளும் மாதவிடாயாக இருக்கலாம் என்றனர். கர்ப்பத்தில் மாதவிடாய் நிகழாது என்பதே இன்றைய மருத்துவத்தின் முடிவு.

மருத்துவ அறிவை நம் முன்னோர் ஒதுக்கிவிடவில்லை. கருவின் படைப்பு, கர்ப்பிணியின் பராமரிப்பு, சிசுவின் பேணுதல் ஆகியவற்றுக்கென்றே குர்துபாவின் அரீப் இப்னு ஸஅத் 10ஆம் நூற்றாண்டில் தனி நூல் எழுதினார். நுத்ஃபா, அலக்கா, முழ்கா என்னும் குர்ஆனிய நிலைகளை விளக்கிய இப்னுல் கய்யிம் (ரஹ்) 14ஆம் நூற்றாண்டில் மருத்துவர்களின் கூற்றுகளையும் அருகில் வைத்து ஆராய்ந்தார்.

அம்மரபின் தொடர்ச்சியை எகிப்தில் காண்கிறோம். அங்கு 1929இல் இயற்றப்பட்ட 25ஆம் எண் சட்டம், வம்சாவளி வழக்குகளில் அதிகபட்சக் காலத்தை 365 நாட்கள் என வரையறுத்தது.

நான்கு ஆண்டுகள் என்ற இமாம்களை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஐயத்தின் பலன் தாய்க்கும் சேய்க்கும் கிட்ட அது வழிவகுத்தது. நஸ்ஸு நிலையானது, அனுபவத்தின்மேல் எழுந்த இஜ்திஹாத், அனுபவம் தெளிவடையும்போது தானும் தெளிவடையும். இவ்விரண்டையும் பிரித்தறிவதே ஃபிக்ஹு.