திப்பு என்னும் பெயர் வந்த வழி

 

பிள்ளை பிறந்த வீட்டார், ஏழாம் நாள் அகீகாவுக்கு முன்பாக இமாமிடம் வந்து பெயர் கேட்பது நம் ஊர்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். அவ்வாறு வருவோர் ஒரு பெயரைக் குறித்து மட்டும் இருவேறு விதமாகக் கேட்கக் காண்கிறோம். "திப்பு என்று வைக்கலாமா ஹஜ்ரத்? புலி என்று பொருள்படும் வீரப் பெயரல்லவா அது?" என்பர் சிலர். "பாட்டனார் ஆசைப்பட்டு வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில் சேர்க்குமுன் மாற்றிவிடலாமா? பிற்காலத்தில் பிள்ளைக்குச் சங்கடம் வருமோ?" என்பர் வேறு சிலர். முன்னவர் பெருமைக்காகக் கேட்கிறார். பின்னவர் அச்சத்தால் கேட்கிறார். ஆனால் அப்பெயர் எங்கிருந்து வந்தது என்பதை இருவருமே கேட்பதில்லை. அதனை அறிந்துகொண்டால் வீண் பெருமையும் நீங்கும். வீண் அச்சமும் நீங்கும். அதற்காகவே இக்கட்டுரை.

அரபியும் அன்று, பார்சியும் அன்று

முஸ்லிம்களின் பெயர் என்றாலே அது அரபிச் சொல்லாக இருக்க வேண்டும் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். திப்பு என்பது அரபிச் சொல்லன்று. அரபி எழுத்துகளில் 'ப்' என்னும் வல்லொலிக்கு எழுத்தே இல்லை. பார்சியில் அவ்வொலி உண்டு. ஆயினும் இப்பெயர் பார்சியும் அன்று. உர்தூவில் இப்பெயரை எழுதும்போது முதலெழுத்தாக வருவது, நம் 'ட' கரத்தைப் போல நாவை மடித்து ஒலிக்கும் எழுத்தாகும். அரபியிலும் பார்சியிலும் இல்லாத, இந்திய மண்ணுக்கே உரிய ஒலி அது. தமிழில் நாம் 'தி' என்று மென்மையாக்கிக் கொண்டோம். எனவே, இப்பெயர் கடல் கடந்து வந்ததன்று; இந்நாட்டு மக்களின் நாவில் பிறந்தது என்பதை அதன் எழுத்தே எடுத்துரைக்கிறது.

ஆற்காட்டு மஸ்தான்

மைசூர் மன்னர் திப்பு சுல்தான் 1750ஆம் ஆண்டையொட்டித் தேவனஹள்ளியில் பிறந்தவர். தந்தை ஹைதர் அலி. தாயார் ஃபாத்திமா ஃபக்ருன்னிஸா. பிள்ளைக்கு இப்பெயர் வந்தது நம் தமிழகத்தின் ஆற்காட்டிலிருந்து என்பதே வரலாறு. ஆற்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் அவுலியா (ரஹ்) என்னும் பெரியாரின் நினைவாகவே மகனுக்குத் திப்பு என்று பெயரிட்டனர். அத்துடன் பாட்டனார் ஃபத்ஹ் முஹம்மதின் பெயரையொட்டி, ஃபத்ஹ் அலி என்ற பெயரும் அவருக்கு உண்டு. அந்தப் பாட்டனார் ஆற்காட்டு நவாபின் படையில் பணியாற்றியவர். எனவே ஆற்காடும் அவ்வூர்ப் பெரியாரும் அக்குடும்பத்துக்குப் புதியவர்கள் அல்லர்.

மஸ்தான் என்ற சொல், இறைக்காதலில் தம்மை மறந்தவரைக் குறிக்கும். நம் தமிழில் ஞானப் பாடல்கள் பாடிய குணங்குடி மஸ்தான் சாகிபு (1792-1838) அவர்களின் இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். ஆயினும் மஸ்தான் என்ற சிறப்புப் பெயரே நிலைத்தது. ஆற்காட்டுப் பெரியாரும் அத்தகையவரே. படையோ பட்டமோ அவரிடம் இல்லை. ஓர் எளிய ஃபக்கீரின் பெயரைத்தான் ஒரு படைத்தலைவர் தம் மகனுக்குச் சூட்டினார்.

'சுல்தான்' என்பதும் அரியணை ஏறியபின் சூட்டிக்கொண்ட பட்டமன்று, பிறப்பிலேயே வைத்த பெயரின் பகுதி என்று வரலாற்றாசிரியர் மொஹிபுல் ஹசன் 1951இல் வெளிவந்த தம் நூலில் விளக்கியுள்ளார். நம் ஊர்களிலும் சுல்தான் என்று பெயர் வைக்கிறோம். அதனால் எவரும் அரசராகிவிடுவதில்லை அல்லவா?

இங்கு ஒன்றைத் தெளிவாகக் கூறிவிட வேண்டும். பிள்ளைச் செல்வத்தைத் தருபவன் அல்லாஹ் ஒருவனே. அதில் எவருக்கும் பங்கில்லை. ஆயினும் நல்லோர் ஒருவரின் நினைவாகப் பிள்ளைக்குப் பெயரிடுவது வேறு; அவரிடமே பிள்ளையைக் கேட்பது வேறு. முன்னதை நம் முன்னோர் காலங்காலமாகச் செய்து வந்துள்ளனர்.

நாகூரும் திருச்சியும்

இவ்வாறு பெரியார்களின் பெயர் பிள்ளைகளுக்கு இறங்கி வருவது தமிழகத்தில் பரவலாகக் காணப்படும் வழக்கமாகும். 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நாகூர் ஷாஹுல் ஹமீது (ரஹ்) அவர்களின் பெயரை எடுத்துக்கொள்வோம். 'ஷாஹ்' என்பது பார்சி. 'ஹமீது' என்பது அரபி. இடையில் அரபியின் 'அல்' சேர்ந்து இரண்டையும் இணைக்கிறது. அரபு நாடுகளில் காண்பதற்கு அரிதான இப்பெயர், தமிழகத்திலும் இலங்கையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் முஸ்லிம்களின் அடையாளமாகவே விளங்குகிறது.

நமக்குக் கிழக்கே, காவிரிக் கரையில் உள்ள திருச்சியில் நத்ஹர் வலி (ரஹ்) அடங்கியுள்ளார்கள். நத்தர், நத்தர்ஷா என்ற பெயர்கள் அவர்களின் நினைவாக வந்தவை. ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா, திருச்சி நகருக்கே நத்தர் நகர் என்று பெயர் சூட்டினார். 1795இல் சென்னையில் காலமான அவருடைய உடல் திருச்சிக்குக் கொண்டுவரப்பட்டு, அந்த தர்கா வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. வாலாஜாவும் மைசூர் அரசரும் போர்க்களத்தில் எதிரெதிர் அணியினர். ஆயினும் பெரியார் ஒருவரின் பெயரைப் போற்றியதில் இரு வீட்டாரும் ஒன்றுபட்டிருந்தனர் என்பது சிந்திக்கத் தக்கது.

புலி என்ற பொருள் வந்த விதம்

திப்பு என்றால் கன்னடத்தில் புலி என்று பொருள் எனப் பலரும் கூறுவர். ஆங்கிலேயர் சிலர் எழுதி வைத்த இக்கருத்து இன்றும் உலவி வருகிறது. கன்னடத்தில் புலிக்குப் பெயர் 'ஹுலி' என்பதாகும். நம் தமிழில் பகரத்தில் தொடங்கும் பழஞ்சொற்கள் பல, கன்னடத்தில் ஹகரமாக மாறும். பள்ளி ஹள்ளியாகும், பால் ஹாலாகும், அவ்வாறே புலி ஹுலியாகும். திப்பு என்ற சொல் இந்த வரிசையில் வராது.

அவ்வாறாயின் புலி எவ்வாறு வந்தது? அது பெயரின் பொருளால் வந்ததன்று; மன்னர் தாமாகத் தேர்ந்துகொண்ட சின்னத்தால் வந்தது. அவருடைய வீரர்களின் உடையில் புலியின் வரிகள் இருந்தன. அரியணையைப் புலி உருவம் தாங்கி நின்றது. ஆங்கிலேயர் ஒருவரைப் புலி கவ்விக்கொண்டிருப்பதுபோல் செய்த மரப்பொறி இன்றும் இலண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அவருடைய படைக்கலங்களில் புலி முகம் போல வடிவமைத்த அரபி எழுத்துகளைக் காணலாம். அவ்வெழுத்துகளைக் கூட்டிப் படித்தால், 'வெற்றி கொள்ளும் அல்லாஹ்வின் சிங்கம்' என்று பொருள்படும். அது ஹழ்ரத் அலீ (ரலி) அவர்களைக் குறிக்கும் சிறப்புப் பெயர். ஹைதர் என்ற சொல்லுக்கும் சிங்கம் என்பதே பொருள். ஆகவே, வீரத்தைக் குறிக்கும் சொல் தந்தையின் பெயரில் உள்ளது. மகனின் பெயரில் உள்ளதோ ஒரு ஃபக்கீரின் நினைவு.

ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்துப் பெயருக்கு வரலாறு கூறுவது தவறாகவே முடியும். 19ஆம் நூற்றாண்டில் சான்சிபாரில் 'திப்பு திப்' என்று அழைக்கப்பட்ட பெருவணிகர் ஒருவர் இருந்தார். இயற்பெயர் ஹமத் பின் முஹம்மது. துப்பாக்கி வெடிக்கும் ஓசையிலிருந்து அப்பட்டப்பெயர் வந்தது என்பர். அதற்கும் நம் ஆற்காட்டுப் பெயருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

கொங்கு நாட்டில் அப்பெயர்

திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தைத் தீவாகச் சூழ்ந்தோடும் அதே காவிரிதான், பவானி, ஈரோடு வழியாக வந்து நம் கொடுமுடியில் கிழக்கே திரும்புகிறது. ஆற்றைப் போலவே ஆட்சியும் அங்கிருந்து இங்கு வந்தது. கோயம்புத்தூர், ஈரோடு, தாராபுரம், கரூர் ஆகிய பகுதிகள் மைசூர் ஆட்சியில் இருந்தன. 1790இல் ஜெனரல் மெடோஸ் தலைமையில் வந்த ஆங்கிலப் படை, நமக்கு அருகிலுள்ள கரூர்க் கோட்டையைக் கைப்பற்றியது. 1792 உடன்படிக்கையால் சேலமும் பாராமகாலும் ஆங்கிலேயர் கைக்குப் போயின. 1799 மே 4இல் திப்பு போர்க்களத்தில் மாண்டபின், கோயம்புத்தூர்ப் பகுதியும் கும்பினியாரிடம் சென்றது. அதன் பின்னரும் அடங்காது ஓடாநிலையில் கோட்டை கட்டிப் போரிட்ட தீரன் சின்னமலை, 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். திப்புவுக்குத் துணையாகச் சின்னமலையின் கொங்குப் படை சென்றதைக் கொங்கு மக்கள் இன்றும் பேசுகின்றனர். இம்மண்ணில் அப்பெயர் ஒரு சமுதாயத்தாருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை என்பதற்கு இதுவே சான்று.

அரசர் மறைந்தபின் அவர் குடும்பத்தார் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டனர். 1806 ஜூலை 10இல் வேலூர்ச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து, மைசூர்க் கொடியைக் கோட்டையில் ஏற்றினர். அவர்களை ஒடுக்க வந்த குதிரைப்படை எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆற்காட்டிலிருந்து! பெயரைத் தந்த ஊரே, அப்பெயருக்காக எழுந்தவர்களை அடக்கவும் படை அனுப்பியது. காலம் செய்த கோலம் அது. பின்னர் அக்குடும்பத்தார் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். இளைய மகன் குலாம் முஹம்மது, 1842இல் அங்குக் கட்டிய பள்ளிவாசல் திப்பு சுல்தான் பள்ளிவாசல் என்றே வழங்கி வருகிறது.

மக்கள் ஏற்ற பெயர்

இங்கு ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். அரசர் தம் புதல்வர்கள் எவருக்கும் திப்பு என்று பெயரிடவில்லை. ஃபத்ஹ் ஹைதர், அப்துல் காலிக், முயிஸ்ஸுத்தீன், முஹ்யித்தீன், குலாம் முஹம்மது முதலியனவே அவர்களின் பெயர்கள். ஆகவே, இப்பெயரைப் பரப்பியது அரண்மனை அன்று, பொதுமக்களே. கன்னட நாட்டில் லாவணிப் பாடகர்கள் ஊர்தோறும் பாடினர். ஃபிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன், 1875இல் முழுமையாக வெளிவந்த தம் புதினமொன்றில் கப்பல் தலைவன் நெமோவைத் திப்புவின் உறவினனாகப் படைத்தார். 1976இல் பகவான் கித்வானி எழுதிய ஆங்கிலப் புதினம், 1990இல் தூர்தர்ஷனில் தொடராக வந்தது. அது கற்பனை கலந்தது என்ற அறிவிப்போடுதான் ஒளிபரப்பாயிற்று என்பதை நம் இளைஞர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். தொடரைப் பார்த்து வரலாறு கற்கலாகாது.

கர்நாடகத்தில் 2015 முதல் அரசு விழாவாகக் கொண்டாடப்பட்ட திப்பு ஜெயந்தி, 2019இல் நிறுத்தப்பட்டது. ஒரு சாரார் போற்ற, மற்றொரு சாரார் தூற்ற, அப்பெயர் அரசியல் மேடைக்குப் போயிற்று. நேர்மையாகக் கூறின், குடகிலும் மலபாரிலும் அவருடைய படையெடுப்பால் துன்புற்ற மக்களின் நினைவுகள் உள்ளன. அவற்றை மறுப்பது நீதியன்று. அதேபோல், 1791இல் மராட்டியப் படையால் சூறையாடப்பட்ட சிருங்கேரி மடத்துக்கு அவர் உதவியதைக் காட்டும் கடிதங்களும் உள்ளன. அவற்றை 1916இல் வெளிக்கொணர்ந்தவர் மைசூர்த் தொல்லியல் துறைத் தலைவர் ஆர். நரசிம்மாச்சார். இரண்டையும் சேர்த்துப் படிப்பதே வரலாறு.

மார்க்கத்தின் அளவுகோல்

அரபிச் சொல் அல்லாத பெயரை வைக்கலாமா என்ற கேள்வி எஞ்சுகிறது. மதரஸாவில் நஹ்வு ஓதும் மாணவர் முதலாண்டிலேயே ஒரு சட்டத்தைப் பயில்வார். இப்ராஹீம், இஸ்மாயீல், யஃகூப் முதலிய நபிமார்களின் பெயர்கள் அரபியல்லாத 'அஜமீ' பெயர்கள். அதனால் அவை தன்வீன் பெறுவதில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் சொந்த மகனுக்கு இப்ராஹீம் என்று பெயரிட்டார்கள். அக்குழந்தையின் தாயார் மாரியா கிப்திய்யா (ரலி) அவர்களும் எகிப்திலிருந்து கொண்டு வந்த தம் பெயருடனேயே வாழ்ந்தார்கள். எனவே மொழி தடையன்று.

தீய பொருளுள்ள பெயர்களைத்தான் அண்ணலார் மாற்றினார்கள். 'கரடுமுரடு' என்று பொருள்படும் ஹஸ்ன் என்ற பெயருடையவரிடம், 'எளிமை' என்று பொருள்படும் ஸஹ்ல் என்ற பெயரை வைத்துக்கொள்ளுமாறு கூறினார்கள். திப்பு என்ற பெயரில் அத்தகைய தீமை ஏதுமில்லை. நல்லடியார் ஒருவரின் நினைவே உள்ளது. வைக்க விரும்புவோர் வைக்கலாம். அப்துல்லாஹ், அப்துர் ரஹ்மான் போன்ற பெயர்களே மேலானவை என்பதையும் மறவாதிருப்போம்.

ஆகவே, பெருமைக்காக இப்பெயரைத் தேடும் பெற்றோருக்குச் சொல்வது இதுவே: இது புலியின் பெயரன்று, பணிவுடைய ஓர் ஃபக்கீரின் பெயர், பிள்ளைக்கு அந்தப் பணிவையும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள். அச்சத்தால் மாற்ற எண்ணும் பெற்றோருக்குச் சொல்வது இது: இப்பெயர் அயல்நாட்டிலிருந்து வந்ததன்று, ஆற்காட்டு மண்ணில் அடங்கியவரின் பெயர். யாரும் இதற்காகத் தலைகுனிய வேண்டியதில்லை. பள்ளியில் ஒருவர் கேட்டால், இவ்வரலாற்றைப் பிள்ளையே அமைதியாக எடுத்துரைக்கட்டும். பெயர் பெற்றோர் தருவது. அதற்கு மதிப்பைத் தருவது, அதைச் சுமப்பவரின் நடத்தை.

நம் பிள்ளைகளை நற்பெயருக்கேற்ற நற்குணம் உடையவர்களாக எல்லாம் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.