இருப்புப் பாதையும் பசுமைக் கணக்கும்



அயலார் வாயிலிலுள்ள குப்பையைச் சுட்டிக் காட்டுவது எளிது; தம் முற்றத்தைத் தாமே பெருக்குவதுதான் அரிது. அவ்வாறு பெருக்க முற்பட்ட ஓர் அரசாங்கத் துறையின் வரலாற்றை இன்று சொல்லக் கருதுகிறேன். அது நமது ரயில்வே.

1856ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னகத்தின் முதல் பயணிகள் ரயில் ஓடிற்று. அதை நடத்தியது ஓர் ஆங்கிலக் கம்பெனி. அக்காலத்தில் தண்டவாளத்தைத் தாங்க, மைலுக்கு 1,760 முதல் 2,000 வரை மரக்கட்டைகள் வேண்டியிருந்தன. இஞ்சினுக்கும் விறகே உணவாயிற்று. அதே 1856இல் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக அமர்ந்த கிளெக்ஹார்ன், இப்பெரும் பசி காடுகளை விழுங்கிவிடும் என்று எச்சரித்தார். பின்னர், விறகுக்கென்றே கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் வளர்க்கப்பட்டன. வெட்டியவனே நட வேண்டும் என்னும் பாடம் இங்கே தொடங்கிற்று.

விறகுக்குப் பின் நிலக்கரி வந்தது. நான் சிறுவனாக ஜன்னலோரம் அமர்ந்து பயணம் செய்த நாட்களில், கண்ணில் கரித்தூள் விழுந்து கலங்காத பயணமே இல்லை. அதை அன்று நாங்கள் வேடிக்கையாகவே கொண்டோம்.

மின்சார ரயில் பம்பாயில் 1925இலும், சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இலும் ஓடத் தொடங்கிற்று. காற்றின் தூய்மையைக் கருதியன்று. நகர மக்களின் விரைவான போக்குவரத்துக்காகவே அது வந்தது. வரலாற்றில் நன்மை சில வேளைகளில் இவ்வாறு வேறு வாயில் வழியாக நுழைவதுண்டு. 1972இல் சித்தரஞ்சன் தொழிற்சாலை தன் கடைசி நீராவி இஞ்சினைச் செய்து முடித்தது. மரக்கட்டைகளின் இடத்தைக் கான்கிரீட் கட்டைகள் பெற்றன. பெட்டிகளில் உயிரிக் கழிவறைகள் அமைந்தபின், கழிவு தண்டவாளத்தில் விழும் இழிநிலை அகன்றது. 2024இல் அகலப் பாதையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மின்மயமாகியிருந்தது.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. நம் நாட்டு மின்சாரத்தின் பெரும் பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தே பிறக்கிறது. இஞ்சினின் புகைபோக்கி நீங்கிற்று. அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி நிற்கிறது. புகை ஓரளவு குறைந்தது. ஓரளவு இடம் மாறியது. அதனாலேயே ரயில்வே தன் நிலையக் கூரைகளிலும் வெற்று நிலங்களிலும் சூரிய ஒளியால் மின்சாரம் எடுக்க முனைந்துள்ளது.

பிறருக்குச் சட்டம் இயற்றும் அரசாங்கம், முதலில் தன் கணக்கைத் தானே பார்க்க வேண்டும். அன்று கிளெக்ஹார்ன் எச்சரித்த கடன் இன்னும் முற்றும் தீரவில்லை. அதன் மிச்சத்தைத் தீர்க்கும் பொறியாளரும் அதிகாரியும் உங்களிலிருந்தே வர வேண்டும்.