தாமஸ் ஸ்பிளின்ட்

தொடை எலும்பு முறிந்த காலை இழுத்துப் பிடித்து அசையாமல் நிறுத்தும் இரும்புச் சட்டம். தொடை இடுக்கில் பதியும் தோல் சுற்றிய வளையமும், காலின் இருபுறமும் ஓடிப் பாதத்துக்குக் கீழே இணையும் இரண்டு கம்பிகளும் இதன் உறுப்புகள். லிவர்பூல் மருத்துவர் ஹியூ ஓவன் தாமஸ் (1834–1891) இதை உருவாக்கினார்.

இவருடைய முன்னோர் வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் தலைமுறைகளாக எலும்பு முறிவுக்குக் கட்டுப்போட்டவர்கள். தந்தை எவான் தாமஸும் பட்டம் பெறாத வைத்தியர்தான். ஆனால் மகன்களை மருத்துவம் படிக்க வைத்தார். ஹியூ தமது பட்டறையில் கொல்லரையும் தோல் தைப்பவரையும் அமர்த்தி, ஒவ்வொரு நோயாளியின் கால் அளவுக்கும் சட்டம் செய்து கொடுத்தார். முதலில் அது முழங்கால் மூட்டுக் காசநோய்க்கான கருவி. மூட்டு நோய்கள் பற்றிய அவரது நூல் 1875இல் வெளியானது. ஞாயிறுதோறும் ஏழைகளுக்கு இலவசமாகப் பார்த்த இவரை, வாழ்ந்த காலத்தில் மருத்துவ உலகம் போதிய அளவு மதிக்கவில்லை.

விபத்துச் சிகிச்சைக்குள் தாமஸின் முறைகளைக் கொண்டுவந்தவர் அவரிடம் பயின்ற, அவருடைய மனைவி வழி உறவினரான ராபர்ட் ஜோன்ஸ். மான்செஸ்டர் கப்பல் கால்வாய் வெட்டப்பட்டபோது, 1888இல் அங்கு மருத்துவப் பொறுப்பேற்ற ஜோன்ஸ், கால்வாயின் நெடுகிலும் மூன்று மருத்துவமனைகளையும் இடையிடையே முதலுதவி நிலையங்களையும் நடத்தினார். அடிபட்டவரை எங்கே, எவ்வளவு சீக்கிரம் கவனிப்பது என்பதை முன்கூட்டியே திட்டமிட்ட ஏற்பாடு அது.

முதல் உலகப்போரின் தொடக்கத்தில் தொடை முறிந்த வீரரின் காலைத் துப்பாக்கியோடு சேர்த்துக் கட்டித் தூக்கிவருவதும் உண்டு. தொடைத் தசைகள் வலுவானவை. முறிந்த முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிவிடும். தொடை குறுகித் தடித்து, அதனுள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் தேங்கலாம். காலை நீள இழுத்துப் பிடித்தால் வலி தணியும், எலும்பு முனைகள் சதையைக் கிழிப்பதும் குறையும். ஜோன்ஸின் வற்புறுத்தலால் ஸ்பிளின்ட் போர்முனைக்கே அனுப்பப்பட்டது. காலணியையும் உடையையும் கழற்றாமலேயே அதை மாட்டுவதற்கு, ஸ்ட்ரெச்சர் தூக்குவோருக்கு அணிவகுப்புப் போல எண் சொல்லிப் பயிற்சி தரப்பட்டது. 1917 அராஸ் போரில் ராணுவ அறுவை மருத்துவர் ஹென்றி கிரே பதிவு செய்த ஆயிரத்துச் சொச்சம் தொடை முறிவுகளில் இறப்பு 15.6 விழுக்காடு. அதற்கு முன் 80 விழுக்காடு என்று பல நூல்கள் கூறுகின்றன. இந்தப் பெருமை முழுவதையும் ஸ்பிளின்டுக்கே கொடுப்பது சரியல்ல. புண்ணில் செத்த சதையை வெட்டி அகற்றும் அறுவையும் ரத்தம் ஏற்றுவதும் அதே ஆண்டுகளில்தான் வளர்ந்தன. கருவியோ அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பே இருந்தது. மருத்துவமனை வரை காத்திராமல், அடிபட்ட இடத்துக்கு அருகிலேயே அதை மாட்டியதுதான் புதுமை.

1939இல் ஜெர்மனியின் கெர்ஹார்ட் குன்ட்ஷர் எலும்புக் குழலுக்குள் உலோக ஆணி செலுத்தும் அறுவையைத் தொடங்கிய பிறகு, மாதக்கணக்கில் இழுவையில் படுத்திருக்கும் தேவை மெல்லக் குறைந்தது. இந்திய மருத்துவமனைகளில் அறுவைக்குக் காத்திருக்கும் நோயாளிக்கு இன்றும் தாமஸ் ஸ்பிளின்ட் மாட்டப்படுகிறது. ஆம்புலன்ஸ்களில் எடை குறைந்த இழுவைச் சட்டங்கள் வந்துவிட்டன. எதுவானாலும், முதலில் மூச்சையும் ரத்தப்போக்கையும் கவனிக்க வேண்டும். மாட்டும் முன்பும் பின்பும் பாதத்தின் நாடித்துடிப்பையும் உணர்வையும் பார்க்க வேண்டும். இடுப்பெலும்போ முழங்காலோ கணுக்காலோ சேர்ந்து உடைந்திருந்தால் இழுவைச் சட்டத்தைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள்.