கொழுகொழு: ஒரு பாராட்டுச் சொல்லின் வரலாறு

தமிழில் மெலிந்த குழந்தைக்கென ஒரு தனிச்சொல் உண்டு: சவலை. வெறும் ஒல்லி என்பதல்ல அதன் பொருள். ஒரு குழந்தை பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் அடுத்ததைச் சுமக்கிறாள். பால் குறைகிறது. மூத்தது இடுப்பிலிருந்து இறக்கிவிடப்பட்டு, ஏங்கி, வதங்குகிறது. உடையார்பாளையம் பக்கத்து அப்பாயிகள் “சவலப்புள்ளடா, பாத்து ஊட்டு” என்று சொல்லும்போது நோயும், நோயின் காரணமும், அந்தப் பிள்ளை மீதான இரக்கமும் ஒரே சொல்லில் வந்துவிடும்.

குண்டான குழந்தைக்கு அப்படியொரு நோய்ப்பெயரை நம் பேச்சு உருவாக்கவில்லை. நம்மிடம் இருப்பது ‘கொழுகொழு’. அது பாராட்டு, சுற்றிப்போட வேண்டிய அளவுக்குப் பெரிய பாராட்டு. ‘உடற்பருமன்’ என்பது பாடப்புத்தகத்துக்காகச் செய்த சொல். கைக்குழந்தையைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்ன ஒரு பாட்டியைக்கூட நான் பார்த்ததில்லை.

கொழுகொழு என்றால் ஆரோக்கியம் என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தது? பசிதான் என்று சட்டென்று பதில் வரும். பாதி உண்மை. மீதிப் பாதியில் விளம்பரம் இருக்கிறது, போட்டி மேடை இருக்கிறது, தராசு இருக்கிறது, அரசாங்கமும் இருக்கிறது. இந்தப் பாடம் வீடு வீடாகப் போய்க் கற்பிக்கப்பட்டது. மாற்றவேண்டுமென்றாலும் வீடு வீடாகத்தான் போகவேண்டும் என்பது என் எண்ணம். அதற்கு முன் வந்த வழியைப் பார்த்துவிடலாம்.

*

உடையார்பாளையம் பழைய ஜமீன் ஊர். பிரிட்டிஷ் காலத்தில் திருச்சி மாவட்டத்தின் ஒரு தாலுகா. கங்கைகொண்டசோழபுரம் அதற்குள்தான் இருந்தது. 1995இல் பெரம்பலூர் மாவட்டம், 2007இல் அரியலூர் மாவட்டம் என்று பலகைகள் மாறின. மண் மாறவில்லை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் கிட்டத்தில் இருந்தும் பெரும்பகுதி மேட்டு நிலம். வரகு, கம்பு, கேழ்வரகு, பயறு, பிறகு முந்திரி. ஊர்ச் சிவனின் பெயரே பயறணீசுவரர். வரிக்குப் பயந்து மிளகு மூட்டையைப் பயறு என்று சொன்ன வணிகனின் மூட்டை நிஜமாகவே பயறாகிப்போனது என்பது ஊர்க்கதை.

இப்படிப்பட்ட ஊர்களில் குழந்தைக்கு ஊட்டும் கல்வி என்றைக்குமே வீட்டில்தான் நடந்தது. வாத்தியார் மாமியாரும் அம்மாச்சியும். பிறந்ததும் நாக்கில் சேனை தொட்டு வைப்பார்கள். பல வீடுகளில் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடுவார்கள். பாலாடையில் பால் புகட்டுவார்கள். கேழ்வரகை ஊறவைத்து அரைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டிக் கூழாகக் காய்ச்சுவார்கள். பிறகு பயறும் அரிசியும் சேர்ந்த கஞ்சி. இதில் சேனையும் கொட்டப்பட்ட சீம்பாலும் கேடு. கேழ்வரகும் பயறும் எந்த ஊட்டச்சத்து நிபுணரும் ஏற்றுக்கொள்ளும் உணவு. இரண்டும் ஒரே வாயிலிருந்து, ஒரே பாசத்தோடு வந்த பாடம்.

இன்னொரு பழைய பாடத்தையும் சொல்லவேண்டும். புறநானூற்றின் 188ஆம் பாட்டு, பாண்டியன் அறிவுடை நம்பி பாடியது. குழந்தை தானே கைநீட்டிக் கலத்தைத் தொட்டு, அள்ளி, கவ்வி, நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் அப்பிக்கொள்கிறது. அப்படியொரு குழந்தை இல்லாத வாழ்க்கை வீண் என்கிறான் அரசன். அந்தக் காட்சியில் யாரும் ஊட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். எவ்வளவு தின்பது என்பதைக் குழந்தையின் கைதான் முடிவுசெய்கிறது.

*

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 150க்கும் மேல் ஒரு வயதைத் தாண்டவில்லை. 1924இல் வைஸ்ராய் ரீடிங்கின் மனைவி தேசியக் குழந்தை வாரத்தைத் தொடங்கிவைத்தார். நகரங்களில் கண்காட்சிகள், சொற்பொழிவுகள், கூடவே குழந்தைப் போட்டிகள். குளிப்பாட்டி, பவுடர் போட்டு, எடை பார்த்து, பரிசு. நம்மூர் நகராட்சிகளிலும் மகளிர் மன்றங்களிலும் ‘கொழுகொழு குழந்தைப் போட்டி’ என்ற பெயரில் வெகுகாலம் நடந்தவை இதன் வாரிசுகள்தான். நோக்கம் நல்லது: குழந்தைகள் சாகக்கூடாது. ஆனால் மேடையேறிப் பரிசு வாங்கிய உடம்பு எதுவோ அதுவே ஊருக்கு அளவுகோலாயிற்று.

மேடைக்குப் பக்கத்திலேயே டின் வந்து நின்றது. நியூசிலாந்தில் தொடங்கிய கிளாக்ஸோ பால் மாவின் விளம்பரமே செழித்த குழந்தையின் படம்தான். சுதந்திரத்துக்குப் பிறகு மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் எருமைப்பாலிலிருந்து குழந்தைப் பால் மாவு செய்யும் முறையைக் கண்டுபிடிக்க, அமுல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இறக்குமதி டின்னுக்கு மாற்று என்ற வகையில் அது நாட்டின் சாதனை. ஆனால் பேச்சுத்தமிழுக்கு அதனால் கிடைத்தது ‘அமுல் பேபி’ என்ற சொல். டின் வாங்க வழியில்லாத வீட்டிலும் அந்தச் சொல் புழங்கியது.

இதை முதலில் உரக்கக் கேள்வி கேட்டவர் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர். மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்டில் வேலைபார்த்தபோது, வயிறு வீங்கி, தலைமுடி நிறம் மாறிச் செத்துக்கொண்டிருந்த குழந்தைகளின் நோய்க்கு 1935இல் அவ்வூர்க் கா மொழிப் பெயரையே வைத்தார்: குவாஷியார்கர். அடுத்த குழந்தை பிறந்ததால் ஒதுக்கப்பட்ட மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்று பொருள். நம்முடைய சவலையேதான். ஒருவரையொருவர் அறியாத இரண்டு மொழிகளின் பாட்டிகள் ஒரே நோயை ஒரே விதத்தில் கண்டறிந்திருக்கிறார்கள். அதே சிசிலி 1939இல் சிங்கப்பூரில் ரோட்டரி சங்கத்தார் முன் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் பேசினார். தாய்ப்பாலை விட்டு டின் பாலுக்கு மாறச்சொல்லும் பிரச்சாரத்தைக் கொலைக்குச் சமமாகக் கருதவேண்டும் என்பது அவர் வாதம்.

உலகம் அதைக் கேட்க நாற்பது ஆண்டுகள் பிடித்தன. 1977இல் நெஸ்லே புறக்கணிப்பு. 1981இல் உலக சுகாதார அமைப்பின் விற்பனை நெறிமுறை. 1992இல் இந்தியச் சட்டம்; பால் மாவு டின்னில் குழந்தைப் படம் போடுவதைக்கூட அது தடைசெய்தது. படம் போனது. ஆசை போகவில்லை.

*

1980இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. முதல் ஒன்றியம் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி. எம்.ஜி.ஆரின் சத்துணவுக்கு இரண்டு வருடம் முந்தியது. சத்துணவு அளவுக்குப் புகழ் பெறாவிட்டாலும், சிந்தனையில் அதைவிட நுட்பமானது என்று எனக்குத் தோன்றுகிறது.

6 மாதம் முதல் 36 மாதம் வரையான குழந்தைகளை மாதாமாதம் தொங்கு தராசில் எடைபோடுவார்கள். எடை ஏற வேண்டிய அளவு ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை. தேறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். உருண்டை மருந்து மாதிரி; பாடம்தான் முக்கியம். இன்னும் கொஞ்சம் ஊட்டினால் பிள்ளை தேறும், அது உன் வீட்டிலேயே முடியும் என்று தாய்க்குக் காட்டுவது. அதைச் சொல்ல வீட்டுக்கு வந்தவர் உள்ளூர்ப் பெண். வறுமையிலும் தன் பிள்ளையை நன்றாக வளர்த்தவருக்கு முன்னுரிமை. அதிகாரியின் புத்திமதியை விடப் பக்கத்துத் தெரு அக்காவின் பேச்சு எடுபடும் என்று யாரோ சரியாகக் கணித்திருக்கிறார்கள். கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு திட்டம் நடந்த ஊர்களில் வெகுவாகக் குறைந்தது.

ஆனால் எடைக்கோடு மேலே போனால் சந்தோஷம், படுத்தால் பயம் என்ற பழக்கமும் கூடவே ஒட்டிக்கொண்டது. பசி நிறைந்த 1980இல் அது தேவையான பயம். சிக்கல் வேறிடத்தில் இருந்தது. அக்காலத்தில் உலகெங்கும் பரவியிருந்த வளர்ச்சி அட்டவணையில், கைக்குழந்தைகளுக்கான கோடு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஒரு சிற்றூரில் எடுத்த அளவுகளிலிருந்து வரைந்தது. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் புட்டிப்பால் குடித்தவர்கள். முதல் சில மாதங்களுக்குப் பிறகு புட்டிப்பால் குழந்தை தாய்ப்பால் குழந்தையைவிட வேகமாக எடை கூடும். அந்தக் கோட்டோடு ஒப்பிட்டால் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் நல்ல குழந்தையும் பின்தங்கியதாகத் தெரியும். “பால் பத்தலம்மா, மேல்பால் குடு” என்ற அறிவுரைக்கு எத்தனையோ ஊர்களில் அந்தக் கோடும் ஒரு காரணம்.

2006இல் உலக சுகாதார அமைப்பு புதுக் கோடு வரைந்தது. டெல்லி உட்பட ஆறு நாடுகளின் ஊர்களில், பரிந்துரைப்படி தாய்ப்பால் குடித்த குழந்தைகளை வைத்து வரைந்தது. அப்போதுதான் தாய்ப்பால் குழந்தை அளவுகோலாகவும் மற்றவை அதோடு ஒப்பிடப்படுபவையாகவும் ஆயின. இதற்கிடையே, 4 மாதத்திலிருந்து 6 மாதத்துக்குள் கஞ்சி கொடு என்ற அறிவுரை 2001இல் முழு 6 மாதம் தாய்ப்பால் மட்டும் என்று மாறியது. “அன்னைக்கி ஒண்ணு சொன்னீங்க, இன்னைக்கி ஒண்ணு சொல்றீங்க” என்று அப்பாயிகள் நர்சிடம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மாறியவர்கள் நாங்கள்தான் என்று அவர்களிடம் யாரும் போய் ஒப்புக்கொள்ளவில்லை.

*

சரி, அரியலூர் மாதிரி மாவட்டத்தில் குழந்தைப் பருமனைப் பற்றி இப்போது எதற்குப் பேசவேண்டும்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வளர்ச்சி குன்றியவர்கள் 25 சதவீதம். அதிக எடை உள்ளவர்கள் 4 சதவீதத்துக்குச் சற்று மேல். கணக்குப்படி சவலைதான் இன்னும் பெரிய பிரச்சினை. ஆனால் அதே ஆய்வில் அதிக எடை கொண்ட பெண்கள் 40 சதவீதம். அதற்கு முந்தைய ஆய்வில் 31. மெலிந்த குழந்தையும் பருத்த தாயும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அந்தக் குழந்தை நாளைக்கு அந்தத் தாய் ஆகும்.

புனே அருகே கிராமங்களில் 1990களில் மருத்துவர் யாஜ்னிக் தொடங்கிய ஆய்வு இதை விளக்குகிறது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5. ஆனால் தசை குறைந்த அளவுக்கு நம் குழந்தைகளிடம் கொழுப்பு குறையவில்லை. ஒல்லியாகத் தெரியும் பிள்ளைக்குள் கொழுப்பு. டெல்லியில் பிறந்தவர்களை முப்பது வயதுவரை தொடர்ந்த இன்னொரு ஆய்வு 2004இல் வெளிவந்தது. நீரிழிவும் அதன் முன்நிலையும் வந்தவர்கள் பலர் இரண்டு வயதுவரை மெலிந்திருந்து, பிறகு சீக்கிரமே சதைபோடத் தொடங்கியவர்கள்.

இதிலிருந்து ‘குறைவாக ஊட்டு’ என்ற பாடத்தை எடுத்தால் அது ஆபத்து. கிடைப்பது வேறு பாடம்: முதல் இரண்டு வருடம் சரியானதை ஊட்டு, குழந்தையைப் பார்த்து ஊட்டு. பிஸ்கட்டும் சீனிப் பாலும் வயிற்றை நிரப்பும், வளர்க்காது. பயறும் முட்டையும் கீரையும் வளர்க்கும். சவலையைத் தடுப்பதும் பருமனைத் தடுப்பதும் ஒரே பாடம்தான். 2024இல் இந்தியாவில் விற்கும் செரிலாக்கில் சேர்த்த சர்க்கரை இருப்பதை ஒரு சுவிஸ் அமைப்பு வெளிப்படுத்தியபோது எழுந்த சர்ச்சை இந்த இடத்தைத்தான் தொட்டது. சேனை ஒருநாள் இனிப்பு. டப்பா தினசரி இனிப்பு.

பார்த்து ஊட்டுவதைச் சொல்லிக்கொடுத்தால் பலன் உண்டா? சிட்னியில் செவிலியர்கள் முதல்முறைத் தாய்மாரின் வீட்டுக்கு எட்டுமுறை சென்று சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு வயதில் அந்தக் குழந்தைகளின் பருமன் அளவு சற்றுக் குறைவாக இருந்தது. வருகையை நிறுத்தியபின், ஐந்து வயதில் அந்த வேறுபாடு காணாமல்போனது. பென்சில்வேனியாவில் அழுகைக்கெல்லாம் பாலைப் பதிலாக்காதே, பசிக்கும் நிறைவுக்குமான குறிகளைப் படி என்று கற்பித்தார்கள். மூன்று வயதுவரை பலன் தெரிந்தது. பெரிய அற்புதம் ஒன்றுமில்லை. சொல்லும்வரை வேலைசெய்கிறது, நிறுத்தினால் கரைகிறது. கல்வி என்றால் அப்படித்தானே.

*

உடையார்பாளையத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு கிராம சுகாதார செவிலியரோடு சில வீடுகளுக்குப் போயிருந்தேன். தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு திண்ணை. பத்து மாதப் பேரனை மடியில் வைத்திருந்த அப்பாயிக்குப் பெருமை தாங்கவில்லை.

“பால்ல பிஸ்கோத்து நனைச்சுக் குடுக்குறேன் நர்சம்மா. செல்லுல பாட்டுப் போட்டா வாயத் தொறந்துருவான்.”

“தலயத் திருப்புறானா அப்பாயி?”

“திருப்புவான். விடுவனா?”

“திருப்புனா போதும்னு சொல்றான் அப்பாயி. இப்போதைக்கி அவன் பேச்சு அதுதான்.”

அப்பாயி கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, “போதும்னு சொல்ல எங்க காலத்துல சோறு ஏதும்மா?” என்றார்.

அந்தக் கேள்விக்கு எந்த அட்டவணையிலும் பதில் இல்லை. செவிலியரும் பதில் சொல்ல முயலவில்லை. “பயத்தங்கஞ்சி வைப்பீங்கல்ல, அதயே வைங்க. அவன் கையில கொஞ்சம் குடுங்க, அப்பிக்கட்டும்” என்று மட்டும் சொல்லிவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். பசியைப் பார்த்தவரிடம் ‘நீங்கள் செய்வது தப்பு’ என்று சொல்லாமல் அவருக்குத் தெரிந்ததிலிருந்தே எடுத்துக்கொடுப்பது. கொட்டாம்பட்டியில் வேலைசெய்த முறையும் இதுதான்.

இதே அரியலூர் மாவட்டத்தின் வாரணவாசியில் 2024 நவம்பரில் முதலமைச்சர் ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டத்தின் இரண்டாம் கட்டத்தைத் தொடங்கிவைத்தார். 6 மாதத்துக்குட்பட்ட, கடுமையாக மெலிந்த குழந்தைகளின் தாய்மாருக்கான ஊட்டச்சத்துப் பெட்டகம். குழந்தைக்கு டின் தராமல் தாய்க்கு உணவு தருகிற அந்த யோசனை சிசிலி வில்லியம்ஸுக்குப் பிடித்திருக்கும். மத்திய அரசின் 2018ஆம் ஆண்டுத் திட்டமோ 3, 6, 9, 12, 15ஆம் மாதங்களில் குழந்தையின் வீட்டுக்கு ஆள் போகவேண்டும் என்கிறது. பாதை ஏற்கெனவே போட்டிருக்கிறது. அதில் போகிறவருக்கு எடையை எழுதிக்கொண்டு எழுந்துவிடாமல் ஒருவேளை ஊட்டி முடிக்கும்வரை திண்ணையில் உட்கார்ந்து பார்க்க நேரம் கொடுக்கவேண்டும். அந்த அரைமணிக்கு அரசுப் பதிவேட்டில் இன்னும் ஒரு கட்டம் இல்லை.